கிளீனர் வேலைக்கு வந்த மீன்

கொட்டாம்பட்டியில் ‘கிளீனர்’ என்றால் லாரியில் டிரைவருக்கு இடப்பக்கம் உட்கார்ந்து வருபவரைத்தான் முதலில் நினைப்பார்கள். திருச்சி–மதுரை நான்குவழிச் சாலையோரத்து ஊர். தேங்காயும் தென்னை நாரும் ஏற்றிய வண்டிகள் ஓயாத ஊர். கண்ணாடித் தொட்டி வைத்திருக்கும் வீடுகளில் மட்டும் அந்தச் சொல்லுக்கு இன்னொரு பொருள் உண்டு. கருப்புத் தோலில் புள்ளிகளோடு, வாயைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு பகல் முழுக்க அசையாமல் கிடக்கும் மீன் அது. கடைக்காரர் ‘டேங்க் கிளீனர்’ என்பார், ‘சக்கர்’ என்பார். தங்கமீன் நாலு, மோலி ஆறு என்று எண்ணி வாங்குகிறவர், பணம் கொடுக்கும் நேரத்தில், காய்கறிக் கடையில் கறிவேப்பிலை கேட்பது போல, “அப்படியே ஒரு கிளீனரும் போடுங்கண்ணே” என்கிறார்.

அந்தக் கடைசி நிமிடத்தில்தான் எல்லாச் சிக்கலும் தொடங்குகிறது என்பது என் கருத்து. மற்ற மீன்களை அழகுக்காக வாங்குகிறோம். இதை வேலைக்காக வாங்குகிறோம். என்ன சாப்பிடும், எவ்வளவு வளரும், எத்தனை வருடம் இருக்கும் என்று தங்கமீனைப் பற்றியாவது ஒரு கேள்வி வரும். வேலைக்கு வந்ததைப் பற்றி யாரும் கேட்பதில்லை. வளர்ப்பவர்கள் இதைத் தொட்டிப் பிரச்சினையாகப் பேசுகிறார்கள். உயிரியலாளர்கள் அயல் இனப் படையெடுப்பாகப் பேசுகிறார்கள். மீனவர்கள் வலை கிழிவதைப் பேசுகிறார்கள். மூன்றையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால்தான் இதை வீட்டில் வளர்க்கலாமா என்ற கேள்விக்கு ஒழுங்கான பதில் கிடைக்கும்.

முதலில் ஆள் யார் என்று பார்க்கலாம். இது லோரிகாரிடே என்ற கெளுத்திக் குடும்பம். உடம்பெங்கும் ஓட்டு வில்லைகள் அடுக்கிய கவசம் இருப்பதால், ரோமானியப் போர்வீரனின் மார்புக் கவசத்துக்கான லத்தீன் சொல்லிலிருந்து அந்தப் பெயர். தென் அமெரிக்காவிலும் அதை ஒட்டிய மத்திய அமெரிக்கப் பகுதியிலும் வாழும் இந்தக் குடும்பத்தில் ஏறத்தாழ 1000 இனங்கள் இருக்கின்றன. 1758இல் இயற்கையியலாளர் லின்னேயஸ் இதில் ஒன்றுக்குப் பெயர் வைத்தபோது, கவசத்தைப் பார்த்து ஸ்டர்ஜன் மீனோடு சேர்த்துவிட்டார். அவர் இட்ட ‘பிளிகோஸ்டோமஸ்’ என்ற இரண்டாம் பெயர்தான் சுருங்கி, மீன் வளர்ப்பவர்கள் வாயில் ‘பிளிகோ’ ஆனது.

ஆனால் நம் கடைகளுக்கு வருவது பெரும்பாலும் லின்னேயஸின் மீன் அல்ல. டெரிகோப்ளிக்திஸ் என்ற பேரினத்தைச் சேர்ந்தது. கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. முதுகுத் துடுப்பு விரியும்போது, முன்னால் இருக்கும் முள்ளை விட்டுவிட்டுக் கதிர்களை எண்ணுங்கள். ஏழு இருந்தால் பழைய பிளிகோ. பத்தோ அதற்கு மேலோ இருந்தால் நம் சக்கர். வயிற்றில் தனித்தனிப் புள்ளியா, புள்ளிகள் சேர்ந்து புழு போல நெளிந்த கோடா என்பதை வைத்து உள்ளே இன்னும் பிரிக்கிறார்கள். ஆனால் இரண்டு வகைகளும் ஒன்றோடொன்று கலந்துவிடுவதால் அந்த அடையாளம் பல நேரம் குழப்பத்தில்தான் முடிகிறது.

சரி, சுத்தம் செய்கிறதா? குட்டி செய்கிறது. விரல் நீளக் குட்டியின் வாய், சுற்றிலும் உதடு விரிந்த ஓர் உறிஞ்சுகிண்ணம். உள்ளே சீப்புப் பல் போல நுண்ணிய பற்கள் வரிசையாக இருக்கும். அதைக் கொண்டு கண்ணாடியில் படிந்த மெல்லிய பழுப்புப் பாசியைச் சுரண்டித் தின்னும். உடல் நீளத்தைவிடப் பல மடங்கு நீளமான குடல், கடிகாரச் சுருள் போல வயிற்றில் சுற்றிக் கிடக்கிறது. சத்துக் குறைந்த தீனியைத் தின்று வாழும் உயிர்களுக்கு உரிய குடல் அது. நிறையத் தின்ன வேண்டும், நிறையக் கழிக்க வேண்டும். சக்கர் இருக்கும் தொட்டியில் காலையில் நூல் நூலாகத் தொங்குவது அதன் கழிவுதான்.

மற்ற மீன்களின் கழிவை அது தின்றுவிடும் என்பது நம்மூரில் வேரூன்றிவிட்ட நம்பிக்கை. தின்னாது. தரையில் அது மேய்வது மிச்சத் தீனி, மக்கிய இலை, செத்த மீன், பாசி, பூச்சிப் புழு. வளர வளர, கண்ணாடியில் ஒட்டியிருக்கும் பாசியில் அதற்கு ஆர்வம் குறைகிறது. மேலே போடும் குருணைத் தீனி சுலபமாகக் கிடைக்கும்போது யார்தான் சுவர் சுரண்டுவார்கள்? கடைசியில் தொட்டியிலேயே அதிகம் அழுக்காக்கும் உயிர், அழுக்கெடுக்க வாங்கிய உயிராக இருக்கிறது. பாசி வருவதற்குக் காரணம் வெளிச்சமும் மிச்சத் தீனியும். ஜன்னல் வெயில் விழும் இடத்தில் தொட்டியை வைத்து, விளக்கையும் நாள் முழுக்க எரியவிட்டு, குழந்தைகள் ஆளுக்கொரு பிடி தீனி போட்டால், பத்து சக்கர் விட்டாலும் பாசி போகாது.

அடுத்தது அளவு. நம் வீடுகளில் சாதாரணமாக இருப்பது இரண்டடித் தொட்டி. நீளம் 60 செ.மீ., அகலமும் உயரமும் 30 செ.மீ. விளிம்பு வரை ஊற்றினால் 54 லிட்டர் தண்ணீர். சக்கர் முழு வளர்ச்சியில் 40 செ.மீ.க்கு மேல் போகும். கவசம் பூண்ட உடம்பு விலாங்கு போல வளையாது. 30 செ.மீ. அகலத்தில் 40 செ.மீ. மீன் எப்படித் திரும்பும் என்று ஒரு அடிக்கோலை எடுத்து வைத்துப் பாருங்கள். லாரியில் கிளீனராக ஏறியவர் டிரைவராகப் பத்து வருடம் ஆகும். இந்தக் கிளீனர் இரண்டே வருடத்தில் வண்டியை முழுக்க அடைத்துக்கொள்கிறது. பெரிய சக்கருக்கு ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம் என்பது அனுபவசாலிகள் சொல்லும் குறைந்த அளவு. அது 600 லிட்டருக்கு மேல். தண்ணீர் எடை மட்டும் அரை டன்னைத் தாண்டும். மாடி வீட்டில் வைப்பதற்கு முன் கொத்தனாரைக் கேட்க வேண்டிய சமாச்சாரம்.

“தொட்டி எவ்வளவோ அவ்வளவுதான் வளரும்” என்று கடையில் ஆறுதல் சொல்வார்கள். சின்னத் தொட்டியில் வளர்ச்சி குன்றுவது உண்மை. கழிவு தேங்கிய தண்ணீரும் போதாத தீனியும் சேர்ந்து குன்ற வைக்கின்றன. அதைத் தகவமைப்பு என்று சொல்வது, சாப்பாடு கிடைக்காமல் ஒட்டிப்போன பிள்ளையைப் பார்த்து “ஒல்லியான உடம்புவாகு” என்பது மாதிரி. ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் இது பத்து வருடத்துக்கு மேல் வாழும். ஆறாம் வகுப்புப் பையன் அடம்பிடித்து வாங்கியது, அவன் வேலைக்குப் போகும் வரை இருக்கும்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களுக்குச் சில விஷயங்கள். இது இரவில் நடமாடுவது. பகல் வெளிச்சத்தில் அதன் கண்ணைக் கவனித்தால், கருவிழிக்குள் மேலிருந்து ஒரு சின்னத் திரை இறங்கி வெளிச்சத்தை மறைத்திருப்பது தெரியும். இமை இல்லாத மீன் கண்டுபிடித்த வழி. ஆகவே விளக்கை அணைத்த பிறகுதான் இதற்குத் தீனி. மூழ்கும் வில்லைத் தீனியோடு சுரைக்காய், பீர்க்கங்காய், வெள்ளரிக்காய் துண்டை லேசாக வேகவைத்து, கல் கட்டி இறக்கிவிட்டு, மறுநாள் காலையில் மிச்சத்தை எடுத்துவிட வேண்டும். வயிறு உள்வாங்கியிருந்தால் பட்டினி என்று பொருள். பட்டினி கிடக்கும் சக்கர்தான் இரவில் தங்கமீனின் விலாவில் ஒட்டி, மேல்பூச்சுக் கோழையைச் சுரண்டுகிறது. தங்கமீனில் காலையில் தெரியும் சிவந்த வட்டத்தை நோய் என்று நினைத்து மருந்து ஊற்றுபவர்கள் உண்டு. மெதுவாக நீந்தும் தங்கமீனையும் சக்கரையும் ஒரே தொட்டியில் போடுவது நம்மூரில் மிகச் சாதாரணம். இரண்டுக்கும் அது கெடுதல்.

மறைவிடம் கட்டாயம் வேண்டும். குட்டிக்குத் தேங்காய்ச் சிரட்டை போதும். கொட்டாம்பட்டியில் கொட்டாங்குச்சிக்கா பஞ்சம்? நிறம் இறங்குவது நிற்கும் வரை ஊறவைத்துக் கழுவிப் போட்டால் ஆயிற்று. பெரியதற்கு அகலமான பிவிசி குழாய்த் துண்டு. மூடியும் அவசியம், குதிக்கும். பிடிக்க வலை போடக் கூடாது. நெஞ்சுத் துடுப்பின் முள்ளை விறைத்துப் பூட்டிக்கொள்ளும். வலைக் கண்ணில் மாட்டினால் வலையும் கிழியும், மீனும் கிழியும். டப்பாவில் மொண்டு எடுப்பதுதான் முறை.

சித்திரை வெயிலில் ஒரு வேடிக்கை நடக்கும். தண்ணீர் சூடேறினால் அதில் கரையும் ஆக்சிஜன் குறையும். அந்த நேரம் பார்த்துக் கரண்டும் போய் ஏர் பம்பு நின்றால், தங்கமீன்கள் ஒவ்வொன்றாகச் செத்து மிதக்கும். சக்கர் மட்டும் கிணற்றுக்கல் மாதிரி கிடக்கும். “கெட்டி மீனுப்பா” என்று வீட்டில் மதிப்பு கூடிவிடும். அதன் ரகசியம் வயிறு. மேலே வந்து காற்றை விழுங்கி, ரத்த நாளங்கள் நிறைந்த இரைப்பைச் சுவர் வழியாக ஆக்சிஜனை எடுத்துக்கொள்கிறது. ஈரம் இருந்தால் தண்ணீருக்கு வெளியிலும் மணிக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். வரவேற்பறையில் நாம் மெச்சும் இந்தக் கெட்டித்தனம்தான் வாசலைத் தாண்டியதும் பயமுறுத்துகிறது.

வாசலைத் தாண்டுவது எப்படி? பெரும்பாலும் இரக்கத்தால். மீன் ஒரு அடியைத் தாண்டிவிட்டது, கடைக்காரர் திருப்பி வாங்கவில்லை, கொல்ல மனமில்லை. “பாவம், கண்மாயில விட்டுருவோம், பொழச்சுக்கும்” என்று வாளியைத் தூக்குகிறார்கள். கோயில் தெப்பக்குளத்தில் விட்டால் புண்ணியமும் சேர்கிறது. இந்த இடத்தில் ஊரின் நிலவியலைப் பார்க்க வேண்டும். மேலூர், கொட்டாம்பட்டி வட்டாரம் கண்மாய்ச் சங்கிலிகளின் நாடு. பக்கத்தில் அரிட்டாபட்டி, 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்டது. 7 மலைகளும் 72 ஏரிகளும் 200 ஊற்றுகளும் அங்கே இருப்பதாக அரசின் அறிவிப்பு கணக்குச் சொல்கிறது. ஒரு கண்மாய் நிறைந்தால் கலுங்கு வழியாக மறுகால் பாயும். அது அடுத்த கண்மாய்க்கு வரத்து. ஐப்பசி, கார்த்திகை மழையில் மேல் கண்மாயில் விட்ட மீன் கீழ் கண்மாய்க்கு டிக்கெட் எடுக்காமல் போய்ச் சேரும்.

இந்த மீன் முட்டையிடுவது வளைக்குள். ஆண் மீன் கரைமண்ணைக் குடைந்து ஒரு மீட்டர் ஆழம் வரை, சில இடங்களில் அதற்கும் மேல், வளை தோண்டுகிறது. முட்டைகளையும் குஞ்சுகளையும் உள்ளிருந்து காவல் காக்கிறது. தொட்டியில் அது குஞ்சு பொரிக்காததற்கு முக்கியக் காரணம், குடைய மண் இல்லாததுதான். வளைகளால் கரை சரிவதைப் பற்றி வெளிநாட்டு ஆய்வுகள் பேசுவது பெரும்பாலும் ஆற்றங்கரைகளையும் கால்வாய்களையும். ஆறு கரை சரிந்தால் சற்றே அகலமாகும். கண்மாய்க்குக் கரைதான் எல்லாம். மனிதர் மண் சுமந்து கட்டிய அந்தக் கரைக்கு ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் வயல். நண்டு வளையையும் எலி வளையையும் தேடி அடைப்பது இங்கே தலைமுறை தலைமுறையாக நடக்கும் வேலை. மடைக்குப் பக்கத்தில் நீர்மட்டத்துக்குக் கீழே கை நுழையும் அகலத்தில் வரிசையாக வளைகள் வந்தால் என்ன ஆகும் என்று பாசனக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கோடையில் கண்மாய் வற்றுவது பல அயல் மீன்களைக் கொன்றுவிடுகிற இயற்கை வடிகட்டி. காற்றை விழுங்கி ஈர வளைக்குள் காத்திருக்கக்கூடிய மீனிடம் அந்த வடிகட்டி முழுதாக வேலை செய்யாது.

இன்னொன்று மீன்பிடித் திருவிழா. மாசி முதல் வைகாசி வரை, அறுவடை முடிந்து தண்ணீர் குறைந்ததும், இந்த வட்டாரக் கண்மாய்களில் ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசுவார். விடியற்காலையிலிருந்து கரையில் காத்திருந்த கூட்டம் ஒரே நேரத்தில் இறங்கும். பிடித்ததை விற்பதில்லை, குழம்பு வைப்பதுதான் வழக்கம். அப்படிச் செய்தால் அடுத்த மழை குறையாது என்பது நம்பிக்கை. கையில் கச்சா, வலை என்று மீன்பிடிக் கருவிகள் இருக்கும், ஊத்தா என்ற கூடையும் இருக்கும். ஊத்தாவைச் சேற்றில் கவிழ்த்து, மேல்வாய் வழியாகக் கையை விட்டுத் துழாவித்தான் மீனை எடுக்க வேண்டும். விராலும் கெண்டையும் வழுக்கும், கெளுத்தி குத்தும். முள்ளை விறைத்துப் பூட்டிய அரைக் கிலோ சக்கர் உள்ளே இருந்தால் அது துழாவும் கைக்கு வேறு விதமான அனுபவம். அயிரைக்கும் ஆபத்து உண்டு. மதுரைக்காரர் உயிரைவிடும் அயிரை மேய்வது அடிமண்ணின் பாசியையும் மக்கையும். சக்கரும் மேய்வது அதே இலையில்தான். அடிமண்ணோடு சேர்த்து அங்கே ஒட்டியிருக்கும் பிற மீன்களின் முட்டைகளையும் அது உறிஞ்சிவிடும்.

வெளியே நடந்ததைப் பார்த்தால் இது வெறும் கற்பனைப் பயம் இல்லை. மெக்சிகோவின் இன்ஃபியர்னில்யோ நீர்த்தேக்கம் ஒரு காலத்தில் ஜிலேபி மீனுக்குப் பேர்போனது. சக்கர் பெருகிய பிறகு வலையில் ஜிலேபியைவிட இதுவே அதிகம் வந்து மீனவர்களின் பிழைப்பைக் கெடுத்தது. அங்கே இதற்குப் பெயர் ‘பிசாசு மீன்’. பிலிப்பைன்ஸின் லகுனா ஏரியிலும் மரிகினா ஆற்றிலும் ‘ஜானிட்டர் மீன்’. மலேசியாவில் ‘இகான் பண்டாராயா’, அதாவது மாநகராட்சி மீன். துப்புரவுப் பணியாளரை நினைத்து வைத்த பெயர். தொட்டிக்குள் இருந்த காலத்தில் வேலைக்காரன் பெயர், ஆற்றுக்குள் போனபின் பிசாசுப் பெயர் என்று இந்தப் பெயர்களை வரிசைப்படுத்தினாலே பாதிக் கதை தெரிந்துவிடும். வங்கதேசம் 2023இல் இதைத் தடை செய்தது.

நம் நாட்டிலும் கொல்கத்தாவின் கிழக்கு ஈரநிலங்களில், திருவனந்தபுரத்தின் நகரக் கால்வாய்களில், வாரணாசியில் கங்கையில் இது பிடிபட்டிருக்கிறது. தண்ணீரில் உயிரினங்கள் விட்டுச்செல்லும் மரபணுத் தடயத்தை வைத்து ஹைதராபாத்தின் சிசிஎம்பி ஆய்வு மைய விஞ்ஞானிகள் கிழக்குத் தொடர்ச்சி மலைப் பகுதியில் செய்த ஆய்வின் முடிவு 2024இல் வெளியானது. பார்த்த நீர்நிலைகளில் ஏறத்தாழ 60 விழுக்காட்டில் சக்கரின் தடயம். எல்லாம் தொட்டியிலிருந்து கொட்டியவை என்று சொல்ல முடியாது. அலங்கார மீன் பண்ணைக் குட்டைகள் வெள்ளத்தில் உடைவதும் ஒரு வழி. 2018 கேரள வெள்ளத்துக்குப் பிறகு சாலக்குடி ஆற்றில் அமேசானின் அரபைமா மீன் வலையில் விழுந்தது அப்படித்தான்.

எதிர்வாதத்தையும் கேட்க வேண்டும். நம் கண்மாய்களில் ஏற்கெனவே அயல் மீன்கள் எத்தனை! ஜிலேபி 1952இல் மண்டபம் வழியாக இந்தியாவுக்கு வந்தது. சாதாக் கெண்டையும் புல் கெண்டையும் அரசே விட்டவை. சாக்கடை கலந்து நாட்டு மீன்கள் அழிந்த தண்ணீரில்தான் சக்கர் அதிகம் பெருகுகிறது. அழிவுக்கு அது காரணமா, அழிவு அதற்கு வாசல் திறந்துவிட்டதா என்று பிரித்துச் சொல்வது கடினம் என்று ஆய்வாளர்களே ஒப்புக்கொள்கிறார்கள். தவிர, அது பிறந்த ஊரில் பிசாசும் இல்லை. பிரேசிலின் மனாவுஸ் சந்தையில் உயிரோடு விற்று, ஓட்டோடு சுட்டுத் தின்கிறார்கள். மாவாக இடித்தும் வைத்துக்கொள்கிறார்கள். இந்த வாதத்தில் உண்மை இருக்கிறது. ஆனால் ஜிலேபி நம் சட்டிக்குப் பழகிவிட்டது. அதைப் பிடிக்க ஆள் இருக்கிறது. ஓட்டுக்குள் கொஞ்சமே சதை உள்ள, சாக்கடையில் மேய்ந்தால் கன உலோகங்களை உடம்பில் சேர்த்துக்கொள்ளும் மீனை யார் பிடித்து ஒழிப்பார்கள்? பிடிக்க ஆள் இல்லாத மீன் நிலைத்துவிடும்.

சட்டம் இன்னும் தயங்குகிறது. ஆப்பிரிக்கக் கெளுத்தியை வளர்க்கக் கூடாது என்று மாவட்ட ஆட்சியர்கள் அவ்வப்போது எச்சரிக்கிறார்கள், பண்ணைகளை அழிக்கிறார்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 2022இல் வந்த திருத்தம், ஆக்கிரமிக்கும் அயல் இனங்களின் இறக்குமதியையும் விற்பனையையும் வைத்திருப்பதையும் கட்டுப்படுத்த மத்திய அரசுக்கு அதிகாரம் கொடுத்திருக்கிறது. ஆனாலும் சக்கர் கடை அலமாரியில் தங்கமீனுக்குப் பக்கத்தில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. விற்பனையைத் தடுத்தால் மட்டும் போதாது. இப்போது தொட்டிகளில் இருப்பவை வாளி வாளியாகக் கண்மாய்க்குப் போய்விடாமல் திரும்பப் பெற ஓர் இடமும் வேண்டும். அந்த ஏற்பாடு இல்லாத தடை நிலைமையை இன்னும் மோசமாக்கும் என்றுதான் எனக்குப் படுகிறது.

வைத்திருப்பவர் இனி வைத்திருக்க முடியாது என்றால்? பெரிய தொட்டி உள்ள யாருக்காவது கொடுக்கலாம். இலவசமாகவே திருப்பி எடுத்துக்கொள்வாரா என்று கடைக்காரரைக் கேட்டுப் பார்க்கலாம். எதுவும் நடக்காவிட்டால் வலியில்லாமல் முடிக்கும் வழி உண்டு. கிராம்பு எண்ணெயை வெதுவெதுப்பான நீரில் நன்கு குலுக்கி, மீன் இருக்கும் வாளித் தண்ணீரில் சிறிது சிறிதாகச் சேர்த்தால் முதலில் மயங்கும். அளவைக் கூட்டினால் செவுள் அசைவு நிற்கும். காற்றை விழுங்கும் மீன் என்பதால் அசைவு நின்ற பிறகும் அரை மணி நேரத்துக்கு மேல் அப்படியே விட்டு, பிறகு மண்ணில் புதைக்க வேண்டும். கேட்க நன்றாக இருக்காது. ஆனால் கண்மாயில் விடுவதைப் புண்ணியக் கணக்கில் எழுதிக்கொண்டு, அயிரையையும் கரையையும் செலவுக் கணக்கில் எழுதாமல் விடுவதைவிட இது நேர்மையானது.

இன்னும் வாங்காதவர்கள், பாசிதான் பிரச்சினை என்றால், விளக்கை ஆறு முதல் எட்டு மணி நேரத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். வாரம் ஒருமுறை கால்வாசித் தண்ணீரை மாற்றலாம். குழாய்த் தண்ணீரை ஒரு நாள் வைத்திருந்து ஊற்றினால் குளோரின் போய்விடும். கண்ணாடியைச் சோப்புப் படாத பஞ்சால் தேய்ப்பது ஐந்து நிமிட வேலை. உயிருள்ள உதவிதான் வேண்டும் என்பவர்களுக்கு, இதே குடும்பத்தில் 4, 5 செ.மீ. தாண்டாத ஓட்டோசிங்க்ளஸ் இருக்கிறது. கூட்டமாக வைக்க வேண்டும். ஒரு சாணுக்குள் நின்றுவிடும் மீசைக்கார ஆன்சிஸ்ட்ரஸ் இருக்கிறது. அதற்கும் தொட்டி மூன்றடியாவது வேண்டும், அதையும் கண்மாயில் விடக் கூடாது. கண்ணாடிப் பாசியைச் சுத்தமாக மேய்வதில் இவற்றையெல்லாம் மிஞ்சியது நெரைட் நத்தை. நல்ல தண்ணீரில் அதன் முட்டை பொரிக்காது என்பதால் பெருகிவிடுமோ என்ற கவலை இல்லை. ஆனால் முட்டையை மட்டும் இட்டுக்கொண்டே இருக்கும், கண்ணாடி முழுக்க எள்ளு தெளித்தது போல வெள்ளை வெள்ளையாக. அதை எந்தக் கிளீனரும் எடுக்காது. நகத்தால்தான் சுரண்ட வேண்டும்.